கடிவாளம் யார் கையில்? கோலாலம்பூரில் உழைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உங்கள் வாழ்க்கையின் கடிவாளத்தை உங்கள் கைக்குக் கொண்டுவர 80 பக்க நோட்டு ஒன்று, 90 நாள், வாரத்துக்கு ஆறு மணி நேரம் வேண்டும். முதல் மாதத்தில் காசு எதுவும் செலவாகாது.

முதல் பக்கத்தில் லட்சியத்தை எழுதச் சொல்வது பயிற்சிப் பட்டறைகளின் வழக்கம். இங்கே அதைப் பின்னால் தள்ளி வைக்கிறோம். செந்தூலிலிருந்தோ பூச்சோங்கிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ தினம் வேலைக்குப் போய்வரும் ஒருவரைக் கார் தவணையும் ஷிப்ட் அட்டவணையும், அண்ணன் கேட்டாரே என்று போட்ட ஒரு கையெழுத்தும்தான் நடத்திக்கொண்டிருக்கும். எது எந்த மாதம் வரை பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கம் திரும்ப முடியும் என்பதும் தெரியும். அதனால் முதலில் பிடி எங்கே என்று பார்ப்போம். அடுத்து பணத்திலும் நேரத்திலும் கொஞ்சம் இடம் உண்டாக்குவோம். திசையை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் படி: மூன்று கட்டம்

நோட்டின் நடுப்பக்கத்தை விரித்து மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் இப்போது உங்கள் நாட்களை நடத்தும் ஏற்பாடுகளை எழுதுங்கள்: வேலை, வீடு, வண்டி, படிப்புக் கடன், கூட்டுப் பணம் (சீட்டு), அம்மா அப்பாவுக்குக் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்பது வரை ஒரு பத்து வரி. இரண்டாவது கட்டத்தில் அதை யார், எந்த வருடம் முடிவு செய்தார்கள் என்று எழுதுங்கள். மூன்றாவது கட்டம், அதை மாற்றக்கூடிய மிக அருகிலுள்ள தேதிக்கு.

இரண்டாவது கட்டத்தில் ‘குடும்பம்’, ‘சூழ்நிலை’, ‘விதி’ என்றெல்லாம் எழுதக்கூடாது. ஆளும் வருடமும் வேண்டும். ‘2019, மாமா சொன்னார்’ என்று எழுதினால் அதைப் பற்றி யோசிக்கலாம். ‘சூழ்நிலை’ என்று எழுதினால் யோசனை அங்கேயே நின்றுவிடும். பத்தில் ஆறு ஏழு வரிகளில் வேறு யார் பெயராவது இருந்தால் பதற வேண்டாம். அப்பா எடுத்த முடிவு நல்ல முடிவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது கட்டத்துக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், ஏனென்றால் தாள்களைத் தேடி எடுக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது? எத்தனை மாதம் முன்னே சொல்ல வேண்டும்? இரண்டு மாத வாடகையும், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதமும் என்று கட்டிய டெபாசிட் எந்த நிபந்தனையில் திரும்ப வரும்? கார் கடன் அதிகபட்சம் 9 வருடம், அதாவது 108 தவணை. உங்களுக்கு இது எத்தனையாவது? நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் எவ்வளவு? கடிதத்தில் எதுவும் சொல்லப்படாவிட்டால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கணக்குச் சொல்கிறது: இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் 8 வாரம்.

இங்கே நடக்கும் பொதுவான தவறு, தேதிகளை எழுதிவிட்டு நோட்டை மூடி வைப்பது. வாடகை ஒப்பந்தம் முடியும் நாளை மட்டும் குறித்தால் போதாது. நோட்டீஸ் கொடுக்க வேண்டிய கடைசி நாளையும், அதற்கு ஒரு வாரம் முந்தைய நாளையும் கைப்பேசிக் காலண்டரில் போடுங்கள். வீட்டுக்காரர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை என்று இன்னொரு வருடம் ஓடிவிட்டால், அந்த வருடத்தை யாரும் முடிவு செய்யவில்லை. அது தானாக முடிவானது.

இரண்டாம் படி: நாலு தாள், ஒரு ராத்திரி

பணத்தைப் பற்றிக் கவலைப்படுவது வேறு, பார்ப்பது வேறு. பார்ப்பதற்கு நாலு தாள் தேவை: கடைசி மூன்று சம்பளச் சீட்டு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கறிக்கை, மத்திய வங்கியான பேங்க் நெகாரா இலவசமாகத் தரும் இசிசிஆர்ஐஎஸ் கடன் அறிக்கை, மூன்று மாத வங்கிக் கணக்கு. இசிசிஆர்ஐஎஸ்-க்கு இணையத்தில் பதிவு செய்துகொண்டால் வங்கிகளில் உங்கள் பெயரில் உள்ள கடன்களும், கடைசி 12 மாதத்தில் எந்த மாதம் தவணை தப்பியது என்பதும் தெரியும். யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து உங்களுக்கே மறந்துபோயிருந்தாலும் அதில் தலைகாட்டலாம்.

சம்பளச் சீட்டில் இபிஎஃப் பிடித்தம் 11 விழுக்காடு. 5,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். அதற்கு மேல் என்றால் 12. சீட்டில் பிடித்திருப்பதால் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இந்த மாதப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி செலுத்தியிருக்க வேண்டும். இபிஎஃப்பின் ஐ-அக்கவுன் செயலியில் மாதம் மாதமாகப் பாருங்கள். ஓட்டை தெரிந்தால் முதலில் கணக்காளரைக் கேளுங்கள், சரியாகாவிட்டால் இபிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ஐந்து வருடம் கழித்து, கம்பெனி மூடிய பிறகு கேட்டால் துரத்திப் பிடிக்க ஆளே இருக்காது.

இசிசிஆர்ஐஎஸ் காட்டாத கடன்களைக் கையால் சேர்த்து எழுதுங்கள்: அடகுக்கடைச் சீட்டு, தெரிந்தவரிடம் வாங்கியது, ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்), கூட்டுப் பணத்தில் முன்கூட்டியே எடுத்துவிட்டு இன்னும் கட்டவேண்டிய பாக்கி. கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டு நடத்துவதைத் தடுக்க 1971இல் வந்த சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் ‘கூட்டு’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சட்டம் இருந்தும் தொழிற்சாலைக்கு ஒன்றாவது ஓடுகிறது. நடத்துபவர் தலைமறைவானால் போய்க் கேட்க இடமில்லை. ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் அதைச் சேமிப்பு வரியில் எழுதாமல் செலவு வரியில் எழுதுங்கள். பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை.

இப்போது ஒரே ஒரு எண் கண்டுபிடிக்க வேண்டும்: சம்பளம் நின்றுபோனால் எத்தனை மாதம் நிற்க முடியும்? கையிலுள்ள ரொக்கத்தை மாத அவசியச் செலவால் வகுத்தால் அது கிடைக்கும். ஓர் உதாரணம். சம்பளம் 3,200 வெள்ளி. இபிஎஃப் 352, சொக்சோவும் (சமூகப் பாதுகாப்புச் சந்தா) வேலைக் காப்புறுதியும் சேர்ந்து சுமார் 22 போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 2,825. வாடகை 700, கார் தவணை 520, பெட்ரோலும் டோலும் 280, சாப்பாடு 600, அம்மாவுக்கு 300, போனும் இணையமும் 90. மொத்தம் 2,490. மிச்சம் 335. மூன்று மாதத்துக்கான கையிருப்பு என்றால் 7,470 வெள்ளி. மாதம் 335 வீதம் சேர்த்தால் 22 மாதத்துக்கு மேல் ஆகும்.

இதே ஆள் காரை விட்டுவிட்டு, 30 நாளுக்கு 50 வெள்ளி மை50 அட்டையும் அவசரத்துக்கு கிரேப்புக்கு 100 வெள்ளியுமாகப் போய்வர முடிந்தால் 650 வெள்ளி மிச்சப்படும். அவசியச் செலவு 1,840 ஆகிவிடுவதால் மூன்று மாதத்துக்குத் தேவை 5,520தான். மாதம் சேர்வதோ 985. ஆறு மாதத்துக்குள் முடிந்தது. செலவைக் குறைக்கும்போது சேரும் வேகம் கூடுகிறது, சேர்க்கவேண்டிய தொகையும் குறைகிறது. சம்பள உயர்வுக்காகக் காத்திருப்பதைவிட இது வேகமாக வேலை செய்வதன் காரணம் இதுதான்.

எல்லோராலும் காரை விட முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தால் எல்ஆர்டி ஓடாது. மை50 அட்டை ரேபிட் கேஎல் ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும்தான்; ரவாங்கிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ கேடிஎம் கொமுட்டரில் வருபவருக்கு அந்தச் செலவு தனி. கடன் பாக்கியிருக்கும் காரை விற்பதற்கு முன் வங்கியிடம் தீர்வுத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். சந்தை விலையைவிடப் பாக்கி அதிகமாக இருந்தால் விற்ற நாளிலேயே கையிலிருந்து பணம் வைக்க வேண்டிவரும். அப்படியானால் இன்னும் எத்தனை மாதத்தில் இரண்டும் சமமாகும் என்று வங்கியிடம் கேட்டு, அந்த மாதத்தை மூன்றாவது கட்டத்தில் எழுதிவிட்டு மேலே போங்கள்.

சேர்க்கும் பணத்தைச் சம்பளம் விழும் கணக்கில் வைக்காதீர்கள். வேறு வங்கியில், ஏடிஎம் அட்டை வாங்காத கணக்கில், சம்பளம் ஏறிய மறுநாள் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். இபிஎஃப்பின் ஃபிளெக்சிபல் கணக்கையும் இந்தக் கையிருப்போடு சேர்த்து எண்ணாதீர்கள். 2024 மே 11 முதல் நம் சந்தா 75, 15, 10 விழுக்காடாக மூன்று கணக்குகளில் பிரிகிறது. அந்தப் பத்தை எப்போது வேண்டுமானாலும், குறைந்தது 50 வெள்ளியாக, எடுக்கலாம். எடுக்கலாம் என்பதாலேயே மாதாமாதம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 6 விழுக்காடு லாப ஈவு என்று வைத்தால் இன்றைய 1,000 வெள்ளி 30 வருடத்தில் சுமார் 5,700 ஆகிறது. புதுப் போனுக்காக எடுக்கும்போது அந்த 5,700ஐத்தான் எடுக்கிறோம்.

தவணைகளே மிச்சமில்லாமல் விழுங்குகின்றன என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு ஏகேபிகே-யைப் பாருங்கள். 2006இல் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. சேவை இலவசம், வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைத்துத் தருவார்கள். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அழைப்பதற்கு முன்னால் செய்யவேண்டியது இது. ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கேட்கும் எவரிடமும் கடன் வாங்கக்கூடாது. அப்படிக் கொடுத்த மாதத்திலிருந்து சம்பளம் அவர் கைக்குப் போகும்.

மூன்றாம் படி: கையெழுத்து

நம் ஆட்களில் பலருக்கு வாழ்க்கை திசை மாறிய இடம் அடுத்தவர் கடன் தாளில் போட்ட ஒரு கையெழுத்து. அதனால் இதைத் தனிப் படியாகவே வைக்கிறோம். இரண்டு வகை உண்டு. ஒன்று ஜாமீன். மற்றொன்று, ‘எனக்கு வங்கியில் கிடைக்காது, உன் பெயரில் எடுத்துக் கொடு, தவணையை நான் கட்டுறேன்’ என்று கேட்டு வாங்கும் கார்.

இரண்டாவது வகை இன்னும் மோசம். தாளில் கடனாளி நீங்களே. அவர் வேக வரம்பைத் தாண்டினால் சம்மன் உங்களுக்கு வரும். இரண்டு மூன்று தவணை தப்பினால் வண்டியை இழுத்துக்கொண்டு போவார்கள். ஏலத்தில் விற்றது போக மீதிக் கடனையும் உங்களிடம்தான் கேட்பார்கள். பிறகு நீங்கள் வீட்டுக் கடனுக்குப் போகும்போது, நீங்கள் ஒருநாள்கூட ஓட்டாத அந்தக் கார் உங்கள் தவணைப் பளுவில் 108 மாதத்துக்கு உட்கார்ந்திருக்கும்.

மறுப்பது எப்படி என்பதுதான் கஷ்டம். ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்றால் அடுத்த ஞாயிறு மறுபடி வருவார்கள். மனைவியையோ அம்மாவையோ காரணம் காட்டினால் பகை அவர்கள் மேல் திரும்பும். ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: ‘அண்ணே, கையெழுத்து மட்டும் யாருக்கும் போடுறதில்லைன்னு இருக்கேன். என்னால முடிஞ்ச 300 வெள்ளி இந்தாங்க, திருப்பித் தர வேண்டாம்.’ தொகை, இழந்தாலும் உறவு கெடாத அளவில் இருக்க வேண்டும். ஒருமுறை மறுத்தவர் வீட்டுக்கு அந்தக் கேள்வி இரண்டாம் தடவை வருவது குறைவு.

ஏற்கெனவே போட்டாயிற்று என்றால்? தவணை கட்டும் ரசீதை மாதாமாதம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முதல் மாதம் தப்பியவுடனே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். மூன்றாம் மாதம் வரை பொறுத்தால் பேசும் இடம் சுருங்கிவிடும். கடன் வாங்கியவரே தன் பெயரில் மறுகடன் எடுக்க முடிகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை கேளுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

நான்காம் படி: வாரத்துக்கு ஆறு மணி நேரம்

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 49. 2023 ஜனவரி முதல் சட்டப்படி சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக்கூடாது. போக்குவரத்துக்கு 12 முதல் 15. இவற்றைக் கழித்தால் தாளில் நிறைய மிஞ்சும். உண்மையில் ஓவர்டைம் அதைத் தின்றுகொண்டிருக்கும்.

ஓவர்டைமை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 2,000 வெள்ளி என்றால் 26ஆல் வகுத்து, பிறகு 8 மணியால் வகுத்தால் மணிக்கு 9 வெள்ளி 62 காசு. ஒன்றரை மடங்கு 14 வெள்ளி 42 காசு. ஒரு மாலையில் மூன்று மணி நேரம் நின்றால் 43 வெள்ளி. வாரம் ஐந்து மாலையும் நிற்பவர் அதில் இரண்டை விட்டுக்கொடுத்தால் மாதம் 350 வெள்ளி அளவில் குறையும். அது பெரிய தொகை, பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஓவர்டைமை நம்பி ஒரு தவணை எடுத்திருந்தீர்கள் என்றால், ஆர்டர் குறையும் மாதம் வரை மட்டுமே அந்தத் தவணையைக் கட்ட முடியும். புதுத் தவணை எதையும் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்தே போடுங்கள்.

வாரநாளில் இரண்டு ஒன்றரை மணித் துண்டுகள், ஞாயிறு காலை மூன்று மணி நேரம். இந்த ஆறு போதும். தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள், மூன்றாவது வாரம் உடம்பு எம்சி (மருத்துவ விடுப்பு) கேட்கும். வீட்டில் இடம் இல்லாதவர்கள் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போகலாம். ரயிலில் போய்வரும் நேரத்தைப் படிப்பு நேரமாக எண்ணுவது பெரும்பாலும் ஏமாற்று. உட்கார இடம் கிடைத்தால் அதை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையைக் கூட்டிவர வேண்டும், அப்பாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. அதே வேலைச் சட்டத்தின் 60பி (60P) பிரிவின் கீழ் வேலை நேரம், நாள் அல்லது இடத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் ‘எனக்குக் கஷ்டம்’ என்று மட்டும் எழுதாமல், எந்த நாள், எத்தனை மணி, அந்த வேலையை யார் எப்போது முடிப்பார் என்று எழுதிக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: திசையைச் சோதிப்பது

இப்போதுதான் ‘என்ன செய்யலாம்’ என்ற கேள்வி. மனத்தில் இருக்கும் மூன்று வழிகளை எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒன்று மட்டும் என்றாலும் சரியில்லை; ஒன்றே ஒன்று இருந்தால் அதைக் காதலிக்கத் தொடங்கிவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் 30 நாள், 200 வெள்ளிக்குள் ஒரு சோதனை.

சோதனையின் முதல் பாதி விளம்பரங்கள். பெர்கெசோ (சொக்சோவின் மலாய்ப் பெயர்) நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலை தேடும் தளத்தில் அந்த வேலைக்கான 20 விளம்பரங்களை எடுத்து, கேட்கும் தகுதிகளைக் கோடு போட்டு எண்ணுங்கள். 12க்கு மேல் வரும் தகுதி எதுவோ அதுதான் கதவு, மற்றதெல்லாம் அலங்காரம். தொழிற்சாலைப் பராமரிப்பு வேலைகளைப் பார்த்தால் எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழைக் கேட்பது கண்ணில் படும். பத்து வருடம் ஒயர் இழுத்த அனுபவம் இருந்தும் அந்தத் தாள் இல்லாததால் உதவியாளர் சம்பளத்தில் நிற்பவர்கள் நம்மில் ஏராளம்.

இரண்டாம் பாதி, அந்த வேலையை இப்போது செய்யும் ஐந்து பேரிடம் பேசுவது. கோயில் திருவிழாவில், பக்கத்து தாமானில், தம்பியின் நண்பரில் தேடினால் ஐந்து பேர் கிடைப்பார்கள். ‘இந்த வேலை நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொல்வார்கள். ‘அண்ணே, செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செய்வீங்க? இதில் சேர்ந்தவங்க ஏன் விட்டுட்டுப் போறாங்க? முதல் வருஷம் கைக்கு எவ்வளவு வந்துச்சு?’ என்று கேளுங்கள். மாமாக் கடையில் ஒரு தே தாரே வாங்கிக் கொடுத்தால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். 200 வெள்ளியில் பெரும்பகுதி இப்படித்தான் போகும்.

சோதனை தொடங்கும் முன்னரே எந்த அடையாளம் தெரிந்தால் நிறுத்துவது என்று எழுதிவையுங்கள்: ‘ஐந்தில் மூன்று பேர் முதுகு போய்விட்டது என்று சொன்னால்’, ‘முதல் வருடச் சம்பளம் என் அவசியச் செலவைவிடக் குறைவு என்றால்’. பிறகு எழுதினால் நமக்குச் சாதகமாக எழுதுவோம்.

ஆறாம் படி: தாள்

அனுபவம் இருந்து சான்றிதழ் இல்லாதவர்கள் முதலில் பார்க்கவேண்டியது மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம். நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா. வகுப்பில் உட்காராமல், செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டி வாங்கும் வழியும் உண்டு. பிபிடி என்பார்கள், திறன் மேம்பாட்டுத் துறை நடத்துகிறது. பலர் தடுமாறுவது ஆதாரத்தில்தான். வேலை செய்யும்போது எடுத்த படங்கள், வேலை ஆணைத் தாள்கள், மேற்பார்வையாளர் கடிதம் ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள். வேலையை விட்ட பிறகு பழைய மேற்பார்வையாளரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

பட்டப்படிப்புக்குப் போக எஸ்டிபிஎம்மோ (ஆறாம் படிவத் தேர்வு) டிப்ளோமாவோ இல்லையென்றால், அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் ஏபெல் வழி இருக்கிறது. 21 வயது நிரம்பி, துறை சார்ந்த வேலை அனுபவம் உள்ளவர்கள் தேர்வும் அனுபவக் கோப்பும் கொடுத்து இளங்கலை நுழைவுக்குத் தகுதி பெறலாம். பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியின் பெயரை அல்ல, அந்தக் குறிப்பிட்ட படிப்பை எம்கியூஏ (படிப்புகளை அங்கீகரிக்கும் அரசு அமைப்பு) தகுதிப் பதிவேட்டில் தேடுங்கள். கல்லூரி உண்மையானதாக இருந்தும் படிப்பு பதிவேட்டில் இல்லாமல் இருக்கலாம். ‘அங்கீகாரம் வந்துகொண்டே இருக்கிறது’ என்று முகப்பில் இருப்பவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முழுச் சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். அதில் தவறியவர்கள் தனிப்பட்ட முறையில் மறுபடி எழுதலாம். முப்பது வயதில் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சம் இருக்கும். கூச்சம் ஒரு காலைப்பொழுது.

ஏழாம் படி: மாறுவது

புது வேலைக்கான நியமனக் கடிதம் இரு தரப்புக் கையெழுத்தோடு கையில் வந்த பிறகே ராஜினாமா. வாய்மொழி உறுதிக்கு வேலையை விடாதீர்கள். கோபத்தில் வாட்ஸ்அப்பில் ‘நாளைலேர்ந்து வரமாட்டேன்’ என்று எழுதினால் நோட்டீஸ் காலச் சம்பளத்தை நீங்கள் கட்ட வேண்டிவரலாம். சம்பளத்தை ஒப்பிடும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல் டோல், பார்க்கிங், மருத்துவ அட்டை, தகுதிகாண் காலம் எத்தனை மாதம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 300 வெள்ளி கூடுதலாகக் கிடைத்து 260 டோலுக்குப் போனால் அது இடமாற்றம்தான்.

கம்பெனி ஆள் குறைக்கும்போது கவனம் தேவை. ‘நீங்களே விட்டுட்டுப் போற மாதிரி ஒரு கடிதம் கொடுங்க, உங்க பேருக்கும் நல்லது’ என்று சொல்லி ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து கேட்பார்கள். போடாதீர்கள். தானாக விலகியவருக்கு வேலைக் காப்புறுதித் திட்டத்தின் உதவித்தொகை கிடையாது. வேலை இழந்தவருக்கு உண்டு: காப்புறுதிக்குக் கணக்கிடப்படும் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது நீங்கள் கட்டிய சந்தாக்களைப் பொறுத்தது. வேலை போன 60 நாளுக்குள் பெர்கெசோவில் விண்ணப்பிக்க வேண்டும். ‘இன்னும் ரெண்டு வாரம் பாப்போம்’ என்று நாள் கடத்தி இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். முறைப்படி அறிவித்த விருப்ப விலகல் திட்டம் இதில் சேரும், அது வேறு.

சொந்தத் தொழில் என்றால் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்-இல் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. அதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று படியுங்கள். சம்பள வேலையில் இருந்துகொண்டே ஞாயிறு மட்டும் கேட்டரிங், மேக்கப், ஏர்கான் சர்வீஸ் என்று ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்பதே எங்கள் பரிந்துரை. தனி வங்கிக் கணக்கு முதல் நாளிலிருந்தே வேண்டும். கடனுக்கு, சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான டெக்கூனின் ஸ்பூமி திட்டம் இந்தியர்களுக்கென்றே இருக்கிறது. ஆறு மாத வரவு செலவு கையில் இருந்தால் நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். சம்பளத்தை விட்ட பிறகு இபிஎஃப்பில் சொந்தமாகப் போடுவதை மறக்காதீர்கள்: ஐ-சாரானில் நீங்கள் போடுவதில் 20 விழுக்காட்டை, வருடத்துக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்க்கிறது. 2,500 போட்டால் முழுதும் கிடைக்கும்.

எட்டாம் படி: வீட்டில் சொல்வது

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வெறும் ஆசையோடு போய்ச் சொன்னால் வீட்டில் பயம்தான் எழும். எண்ணோடும் தேதியோடும் போனால் கேள்வி எழும். கேள்விக்குப் பதில் சொல்லலாம். ‘அப்பா, வேலையை விடல. அடுத்த மார்ச் வரைக்கும் ஞாயிறு காலையில் மட்டும் வகுப்புக்குப் போறேன். வீட்டுக்குத் தர்ற 300 குறையாது. மார்ச்ல பாஸ் ஆகலைன்னா நிறுத்திடுவேன்.’ இவ்வளவே. முழுத் திட்டத்தையும் ஒரே இரவில் விளக்காதீர்கள். சித்தப்பா, அத்தை எல்லோரும் இருக்கும் விசேஷ வீட்டில் அறிவிக்கவும் வேண்டாம்; அங்கே அப்பாவால் மனம் மாற முடியாது, நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மணமான பெண்களுக்கு இன்னும் ஒன்று. சம்பளம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் விழ வேண்டும், அட்டை உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு எவ்வளவு என்று பேசித் தீர்த்துக்கொண்டு அதை மாற்றிவிடுங்கள். இபிஎஃப்பில் வாரிசுப் பெயராகப் பதினெட்டு வயதில் எழுதியது யாருடையது என்றும் ஒருமுறை பாருங்கள்.

மறுபார்வை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே மூன்று கட்டத்தைப் புதிதாக எழுதுங்கள். தேதி மறக்காமல் இருக்க நம் காலண்டரே உதவும்: தைப்பூசம் கழிந்த ஞாயிறு, சித்திரைப் பிறப்பு, ஆடி முதல் ஞாயிறு, புரட்டாசியின் கடைசி ஞாயிறு. ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் மட்டும்: நிற்கக்கூடிய மாதம் கூடியதா, இரண்டாவது கட்டத்தில் எந்த வரியில் பெயர் மாறியது, அடுத்த 90 நாளில் வரும் தேதி எது. அந்த மாதக் கணக்கு இரண்டு மறுபார்வையாக நகரவே இல்லையென்றால் ஐந்தாம் படிக்குத் திரும்பாதீர்கள். இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

புரட்டாசி மறுபார்வையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தீபாவளிக்குச் சில வாரமே இருக்கும். போனஸ் வரும் கம்பெனிகளில் பேச்சு தொடங்கியிருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் துணி வந்து இறங்கியிருக்கும். போனஸில் எத்தனை வெள்ளி அந்த ஏடிஎம் அட்டையில்லாத கணக்குக்குப் போகிறது என்பதை அன்றே நோட்டில் எழுதி, பணம் ஏறும் நாளுக்கு மாற்று உத்தரவையும் வங்கிச் செயலியில் அன்றே போட்டுவிடுங்கள். தீபாவளிச் செலவுப் பட்டியலை மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.